முதல் பக்கத்துச் சொல்

எங்கள் மாலைப் பத்திரிகையில் ‘வீராங்கனை’ என்ற சொல்லுக்கு ஒரு சட்டம் உண்டு. விளையாட்டுப் பக்கத்தில் யாருக்கு வேண்டுமானாலும் அள்ளி வழங்கலாம். முதல் சுற்றிலேயே தோற்று வீட்டுக்கு வந்தவளும் அங்கே வீராங்கனைதான். சினிமாப் பக்கத்தில் நாலு பாட்டுக்கு ஆடினால் கதாநாயகி. ஆனால் முதல் பக்கத்தில் வீராங்கனை என்றால் அவள் செத்திருக்க வேண்டும். ஒருமுறை உயிரோடிருந்த ஒருத்தியை அப்படிப் போட்டோம்; மறுவாரமே அவள் மோசடி வழக்கில் மாட்டிக்கொண்டாள். அன்று தலைமை ஆசிரியர் போட்ட சட்டம் இது. செத்தவர்கள் நம் மானத்தை வாங்க மாட்டார்கள் என்பார்.

பதினாறு வருடமாக அங்கே மெய்ப்புத் திருத்துகிறேன். என் சுருக்கொப்பம் இல்லாமல் எந்தப் பக்கமும் அச்சுக்குப் போகாது.

ஒரு நாள் காலை ஏழரை மணிக்கு என் தங்கை ஓட்டிய பேருந்து சரிவில் பிரேக் பிடிக்காமல் ஓடியிருக்கிறது. அவள் குதித்திருக்கலாம். பாவி, குதிக்கவில்லை. தான் உட்கார்ந்திருந்த பக்கத்தையே சாலையோரச் சுவரில் தேய்த்துத் தேய்த்து வண்டியை நிறுத்தினாள். நாற்பத்திரண்டு பேரும் நடந்து இறங்கினார்கள். அவளை மட்டும் தகரத்தை அறுத்து எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் உள்ளே விட்டார்கள். அவள் கணவர் இருந்துகொண்டார். வாசலில் நின்றால் பைத்தியம் பிடித்துவிடும் என்று அலுவலகத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தவர்கள் நினைத்துக்கொள்ளட்டும்.

பதினொன்றரைக்கு முதல் பக்கத்தின் மெய்ப்பு என் மேசைக்கு வந்தது. ‘நாற்பத்திரண்டு உயிர் காத்த வீராங்கனை’. கீழே என் தங்கையின் படம்.

தாளோடு உதவி ஆசிரியரிடம் போனேன்.

“அவ செத்துட்டான்னு உங்களுக்கு யார் சொன்னா?”

அவர் முகம் வெளுத்துவிட்டது. “யாரும் சொல்லலைம்மா. கவலைக்கிடம்னுதான் சொன்னாங்க. பன்னெண்டு மணிக்குப் பக்கம் முடிக்கணும். எதுக்கும் இருக்கட்டும்னு ரெடி பண்ணினோம். இதைப் போய் உங்ககிட்ட எந்த மடையன் கொடுத்தான்?”

“எதுக்கும் இருக்கட்டுமா? உயிரோட இருக்கறவளுக்குப் பாடை கட்டி வெச்சிருக்கீங்களே, நல்லா இருப்பீங்களா?”

நான் சிவப்புப் பேனாவால் அந்தச் சொல்லை அடித்து, மேலே ‘பெண் ஓட்டுநர்’ என்று எழுதினேன். அதுதானே அவள்? பன்னிரண்டு வருடமாக வண்டி ஓட்டுகிறாள். ஒப்பம் மட்டும் போடவில்லை. நான் ஒப்பமிடாதவரை அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று எப்படியோ நம்பிவிட்டேன். தினமும் ராசிபலனைச் சிரித்துக்கொண்டே திருத்துகிறவள் நான். அன்று எந்தக் கிறுக்குத்தனத்தையும் பிடித்துத் தொங்கத் தயாராக இருந்தேன். வாண்டு, போய்விடாதேடி என்று தாளைப் பார்த்துச் சத்தமாகவே கெஞ்சினேன்.

போன் அடித்தது. தங்கையின் கணவர்.

“அக்கா...”

“சொல்லுங்க தம்பி. கண்ணு முழிச்சாளா?”

அந்தப் பக்கம் அழுகைதான் கேட்டது. அவள் போய்ப் பத்து நிமிடம் ஆகியிருந்தது.

“அக்கா, இவ பிரேக்கைப் பார்க்காம வண்டியை எடுத்தான்னு டெப்போல இப்பவே பேச ஆரம்பிச்சுட்டாங்க. தினமும் பார்ப்பா அக்கா, உங்களுக்குத் தெரியும். நாளைக்குப் புள்ளைங்க காதுல அந்தப் பேச்சுதான் விழும். உங்க பேப்பர்ல வீராங்கனைன்னு போடச் சொல்லுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்.”

“போடறேன் தம்பி,” என்றேன்.

மணி பன்னிரண்டாக ஐந்து நிமிடம் இருந்தது. உதவி ஆசிரியர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

“நான் பார்த்துக்கறேன். நீங்க கிளம்புங்கம்மா.”

“தள்ளுங்க,” என்றேன்.

‘பெண் ஓட்டுநர்’ என்பதை அடித்தேன். அடித்த சொல் மறுபடி வேண்டுமென்றால், அதன் ஒவ்வோர் எழுத்தின் கீழும் ஒரு புள்ளி வைப்பது எங்கள் தொழில் வழக்கம். ‘வீராங்கனை’ ஐந்தே எழுத்துதான். மூன்றாவது புள்ளியில் கை நின்றுவிட்டது. அச்சுக்கூடத்திலிருந்து ஆள் வந்து நின்றார். மற்ற இரண்டையும் வைத்து, ஒப்பமிட்டு, தாளை அவரிடம் கொடுத்தேன்.