வாய்க்குப் பால்

என் மனைவி தயாளினியின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பிறகும், அவளின் தாய், என் மாமி, பிள்ளையை என்னிடம் தரவில்லை. எயிட்ஸில் செத்தவளின் புருசனுக்கும் அது இருக்கும் என்றார். பிள்ளை பிரஷாந்தினிக்கு மூன்று வயது. அவளுக்குப் பிறகு தரித்த கரு கலைந்து தயாளினிக்கு இரத்தம் ஏற்றியிருந்தார்கள். அதில் வந்தது என்றார்கள்.

என்னை இரண்டு தரம் சோதித்தார்கள். இல்லை. தாளைக் காட்டினேன்.

“தாளில ஆரும் எதையும் எழுதலாம் தம்பி. படிச்ச உமக்கு அது தெரியாதே?”

இந்த நோய்பற்றிக் கேட்பதற்கென்று கொழும்பில் ஒரு தொலைபேசி இலக்கம் இருந்தது. பத்திரிகையில் போட்டிருந்தார்கள். தமிழில் செவ்வாய்க்கிழமை மட்டும். தன் காதால் கேட்டால் நம்புவதாக மாமி சொன்னார். செட்டிகுளத்திலிருந்து மூவரும் வவுனியாவுக்கு வந்தோம்.

தொலைபேசிக் கடையின் கூண்டுக்குள் நெருக்கி நின்றோம். இலக்கத்தை அழுத்தி றிசீவரைக் கொடுத்தேன். எடுத்த பெண்ணின் குரல் எனக்கும் கேட்டது.

“பிள்ளை, நான் வடிவம்மா கதைக்கிறன்.”

“பேர் சொல்லத் தேவையில்லம்மா.”

“பேரில்லாமல் ஆரோட கதைக்கிறீர்?” என்றார் மாமி. பிறகு, “இந்த வருத்தம் தொட்டால் தொத்துமோ?”

“தொத்தாதும்மா. தொடலாம், ஒண்ணா சாப்பிடலாம்.”

“மருமகனுக்கு இல்லையெண்டு ரெண்டுதரம் எழுதிக் குடுத்திருக்கினம். பிள்ளையைக் குடுக்கலாமோ?”

“தாராளமா குடுங்க. அவருக்கு இருந்திருந்தாலும் குடுக்கலாம்.”

பிள்ளையை வாங்க நான் கை நீட்டினேன். மாமி றிசீவரை வைக்கவில்லை.

“சாகக் கிடக்கிற ஆளுக்கு வாயில பால் பருக்கினால்?”

“ஒண்ணும் ஆகாதும்மா.”

“விரல் வாயில பட்டாலும்?”

“பட்டாலும்.”

தயாளினிக்கு நான்தான் பால் பருக்கினேன். மாமி அறை வாசலைத் தாண்டவில்லை. “அம்மா வரட்டும்” என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள், முடிந்தவரை.

மாமி றிசீவரை வைத்தார்.

“அந்தப் பெட்டைக்கு ஒண்டும் தெரியாது.”

“அவா அதுக்கெண்டே படிச்சவா மாமி.”

“தெரியாது எண்டு சொல்லுறன்.”

அந்தப் பெண் சொன்னது உண்மை என்றால், அன்று மாமி வாசலில் நின்றதற்கு ஒரு காரணமும் இல்லை. அதை அவரிடம் சொல்லாமல் கடைக்காரருக்குக் காசைக் கொடுத்தேன்.

திரும்பும் பஸ்ஸில், மாமியின் மடியிலிருந்த பிள்ளை பின் இருக்கையிலிருந்த என் பக்கம் “அப்பா” என்று திரும்பினாள். மாமி அவள் தலையை மெதுவாக முன்னுக்குத் திருப்பினார்.