பதிமூன்றே கால்

அளவுக்காரம்மாவின் வாய்க்குப் பூட்டு போட இதுவரை யாராலும் முடிந்ததில்லை. பெற்றவள் முயன்று பார்த்தாள், பள்ளிக்கூடத்தில் முயன்று பார்த்தார்கள், கட்டிக்கொண்டவர் முயலவே இல்லை. தையல் கடைக்கு வருகிறவர்களுக்கு அளவு எடுப்பது அவள் வேலை. பெயரும் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது. வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் அவள் கணவர், கட்டிங் மாஸ்டர். அவர் ஒரு நாளைக்குப் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அவள் ஆளின் கழுத்தில் டேப்பைச் சுற்றி, தோளில் ஓட்டி, கையில் இறக்கிச் சத்தமாகச் சொல்வாள்: "காலர் பதினஞ்சரை. ஷோல்டர் பதினெட்டு. கை இருபத்திநாலு, சாருக்கு வலது கை அரை இன்ச்சு நீளம், கடவுளைக் கேட்டுக்கோங்க." மாஸ்டர் தலை நிமிராமல் நோட்டில் எழுதிக்கொள்வார். இருபத்தாறு வருஷத்தில் அவர் கத்தரி ஒரு துணியைக்கூடத் தப்பாக வெட்டியதில்லை.

ஊரார் கழுத்தையெல்லாம் அளந்தவளுக்குத் தன் கழுத்தைப் பார்க்க நேரம் இருந்ததில்லை. ஒரு மத்தியானம் கடைக் கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் குடித்தபோதுதான் அதைப் பார்த்தாள். விழுங்கினால் தொண்டைக்குழிக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று மேலே ஏறி, கீழே இறங்கியது. மறுபடி விழுங்கினாள். மறுபடி ஏறி இறங்கியது. ஒரு செம்பு தண்ணீர் தீரும்வரை அந்த வேடிக்கையைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

அப்புறம் ஸ்கேன், அப்புறம் கட்டியில் ஊசி குத்தி எடுத்துச் சோதனை, அப்புறம் ஒரு கவர். கவரைப் பிரித்துப் பார்த்த டாக்டர் நிதானமான பெண்மணி. விரலை மேசையில் தட்டாமல் பேசினார்.

"தைராய்டு கேன்சர்தாம்மா. ஆனா மெதுவா வளர்ற வகை. ஆபரேஷன் பண்ணி சுரப்பியை மொத்தமா எடுத்துட்டா பெரும்பாலும் நல்லாயிடும். அதுக்கப்புறம் ஆயுசுக்கும் தினமும் காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை போட்டுக்கணும்."

"அவ்வளவுதானா?" என்று கேட்டாள் அளவுக்காரம்மா.

"ஒரு விஷயம் சொல்லியாகணும். குரலுக்குப் போற நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே போகுது. ரொம்பப் பாத்துதான் செய்வோம். சில பேருக்குக் கொஞ்ச நாள் குரல் கம்மும், திரும்பி வந்துடும். எங்கயோ ஒருத்தருக்கு வராமலும் போகலாம்."

டாக்டர் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டினார். திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும், புதன்கிழமை ஆபரேஷன். அவள் வாங்கிப் பையில் வைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாஸ்டர் தன் பேனாவை எடுத்தார். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. பேனாவைத் திரும்பச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து நாட்கள் நடக்கவில்லை, மிதந்தன. அவள் பஸ்ஸில் ஏறினாள் என்று தெரியும், எந்த நிறுத்தத்தில் இறங்கினாள் என்று தெரியாது. தையல் மெஷினின் சத்தம் நாலு வீடு தள்ளி எங்கோ ஓடுவது போலக் கேட்டது. ஜன்னல் வெளிச்சத்தில் பறந்த நூல்தூசியை அவள் அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தூசியும் கீழே விழ மனசில்லாமல் தயங்கித் தயங்கி இறங்கியது. வாடிக்கையாளர்கள் வந்தார்கள். அவள் டேப்பைப் பிடித்து எண்ணைச் சொன்னாள். சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று காது கொடுத்துக் கேட்டாள். இதுவரை தன் குரலை அவள் கேட்டதே இல்லை, பேச மட்டுமே செய்திருந்தாள்.

நாத்தனார் விஷயம் கேள்விப்பட்டு ஓடி வந்தாள். "அண்ணி, நான் விசாரிச்சேன். கேன்சர்லயே இதுதான் நல்ல கேன்சராம். கவலையே படாதீங்க" என்றாள்.

"அவ்வளவு நல்லதுன்னா நீயே எடுத்துட்டுப் போயேன்" என்றாள் அளவுக்காரம்மா. நாத்தனார் அதற்குமேல் காபிக்கு உட்காரவில்லை. பாவம், அவளும் நல்லதைத்தான் சொல்ல வந்தாள். ஆறுதல் சொல்ல வருகிறவர்கள் கொஞ்சம் வாயை மூடி உட்கார்ந்தாலே போதும் என்பது இந்தக் குடும்பத்தில் மாஸ்டர் ஒருவருக்குத்தான் தெரியும், அவருக்கோ அது பிறவிக் குணம்.

ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள், நெஞ்சுப் படம் எடுத்தார்கள், மயக்க மருந்து டாக்டர் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லை எண்ணினார். கடைசியாக, குரல் இப்போது எப்படி இருக்கிறது என்று பார்த்து வைப்பதற்காக மூக்கு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை விட்டார்கள். கண்ணில் நீர் முட்டியது. "திரையைப் பாருங்கம்மா, அதான் உங்க குரல்நாண். 'ஈ'ன்னு சொல்லுங்க" என்றார் அந்த அறையில் இருந்த டாக்டர்.

அவள் 'ஈ' என்றாள். திரையில் ஈரமான இளஞ்சிவப்புக்கு நடுவே இரண்டு வெள்ளைக் கீற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து நடுங்கின. மூச்சு விட்டதும் பிரிந்தன. பித்தானுக்கு வெட்டுகிற காஜாவை விடப் பெரிதாக இல்லை. இத்தனை வருஷம் போட்ட சண்டை, செய்த கேலி, மகளைத் தூங்க வைத்த பாட்டு எல்லாம் இந்தச் சின்ன வாய்க்குள்ளிருந்தா வந்தது? அவளுக்கு அழுகை வந்தது. மூக்கில் குழாய் இருந்ததால் அழவும் முடியவில்லை.

வெளியூரில் வேலை பார்க்கும் மகள் அன்று போனில் கூப்பிட்டாள். "அம்மா, சும்மா ஏதாவது பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பேன்" என்றாள். குரலை எடுத்து வைத்துக்கொள்ளக் கேட்கிறாள் என்று புரியாதவளா இவள்? போனைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பேச ஒன்றுமே தோன்றவில்லை. கடைசியில், "நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோட படுக்காதே" என்று சொல்லி அனுப்பினாள். மகள் அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

தூக்கத்தில் கனவுகள் கூட்டமாக வந்தன. ஒரு கனவில் ஆளில்லாத சட்டைகள் வரிசையாக நின்று அளவு எடுக்கச் சொல்லின. அவள் வாயைத் திறந்தாள். எண் வரவில்லை, வெள்ளை நூல் வந்தது. இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது, நூல்கண்டு தீர்ந்துவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள். விடியும் நேரத்தில் இன்னொன்று தினமும் வந்தது. குளிர்ந்த, மெல்லிய ஓடை ஒன்று அவள் கழுத்தைச் சுற்றி ஒரு வட்டம் போய்விட்டுச் சத்தமில்லாமல் விலகும். பயமாக இல்லை. சொல்லப்போனால் அந்த ஓடைக்காகவே அவள் இன்னும் கொஞ்சம் தூங்கினாள்.

படிவம் பையிலேயே கிடந்தது. மாஸ்டர் தினமும் பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கத்தரியைப் பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுமுறை. ஆனாலும் இருவரும் போனார்கள். ஒரு ஹோட்டல் ஊழியர்களுக்கு இருபத்திரண்டு சட்டைகள் பாக்கி இருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடித்துக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவள் கட்டளை. மாஸ்டர் வெட்டி அடுக்கியிருந்த காலர் கட்டைப் பிரித்து மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். முதல் காலரைக் கையில் எடுத்ததும் அவள் விரல்களுக்கே தெரிந்துவிட்டது. அடுத்ததை எடுத்தாள். அதற்கடுத்ததை எடுத்தாள். எல்லாவற்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பார்த்தாள். இருபத்திரண்டும் ஒரே அளவு.

"ஏங்க, அந்த ஹோட்டல்ல எல்லாரும் கூடப் பொறந்தவங்களா? இங்க வந்து பாருங்க."

மாஸ்டர் வந்தார். காலர்களைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. டேப்பை வைத்து ஒன்றை அளந்தார், இன்னொன்றை அளந்தார், பிறகு டேப்பைக் கீழே வைத்துவிட்டார்.

"பதிமூணே கால்" என்றார்.

"இது எந்த ஆம்பளை கழுத்து? நான் பதினஞ்சுக்குக் கீழ ஒரு எண்ணும் சொல்லலையே. நோட்டைப் பாத்துதானே வெட்டுனீங்க?"

"பாத்துதான் வெட்டுனேன். கண்ணு பாத்துச்சு, கை வேற வெட்டிடுச்சு."

"பதிமூணே கால் யாருதுங்க?"

அவர் தெருப்பக்கம் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமைத் தெருவில் பார்க்க ஒன்றும் இல்லை.

"உன்னோடது."

அவளுக்குப் புரியவில்லை. இருபத்தாறு வருஷத்தில் அவள் கழுத்துக்கு யாரும் டேப் வைத்ததில்லை.

"ரிசல்ட் வந்த மறுநாள்லேருந்து தினமும் காலையில அளந்து பாக்கறேன். நீ தூங்கும்போது. பெருசாகுதோன்னு." அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தார். நாலாக மடித்து மடித்துக் கிழியப் போகும் காகிதம். தேதியும் பக்கத்தில் எண்ணுமாக வரிசையாய் எழுதியிருந்தது. பதிமூன்றே கால், பதிமூன்றே கால், பதிமூன்றே கால். "ஒரு நூல்கூட ஏறல, பாரு."

விடியற்காலை ஓடை எதுவென்று அவளுக்கு அப்போது தெரிந்தது. டேப்பின் உலோக முனை. அவள் கை தானாகக் கழுத்துக்குப் போயிற்று.

"எழுப்பிச் சொல்லியிருக்கலாம்ல?"

"எழுப்பினா நீ பேசுவே."

"பேசினா என்ன?"

"நான் அழுதுடுவேன்."

அவர் இவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை. ஒரு வாரத்துக்கான தீப்பெட்டி காலியாகிவிட்டது. அவள் காலர் ஒன்றை எடுத்து மடியில் வைத்துத் தடவினாள். பிறகு இத்தனை நாள் யாரிடமும் சொல்லாததைச் சொன்னாள்.

"கேன்சருக்கு நான் பயப்படலைங்க. குரல் போயிடுமோன்னுதான் பயமா இருக்கு. எனக்குப் படிப்பு இல்ல, அழகு இல்ல, இருக்கறது இந்த வாய் ஒண்ணுதான். அதுவும் போச்சுன்னா இந்தக் கடையில நான் யாரு? அதான் கையெழுத்துப் போட கை வரல."

மாஸ்டர் அவள் மடியிலிருந்த காலரை எடுத்து மேசையில் வைத்தார். "நீ எழுதிக் காட்டு, நான் படிச்சுக்கறேன்" என்றார்.

"அட, என்ன ஒரு கரிசனம். இத்தனை வருஷம் நான் கத்துனதுல பாதியாவது உங்க காதுல விழுந்திருக்குமா?"

"எல்லாமே விழுந்துச்சு" என்றார் அவர்.

அவள் மூக்கைச் சிந்தினாள். பையைத் திறந்து படிவத்தை எடுத்து, வெட்டு மேசையில் விரித்து, அவர் சட்டைப்பையில் இருந்த பேனாவைத் தானே உருவிக் கையெழுத்துப் போட்டாள். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டிப் போயிற்று. குரல் போகலாம் என்பது தெரிந்தேதான் போட்டாள்.

காலர்களை மறுபடி வெட்ட மிச்சத் துணி போதுமானதாக இருந்தது. மாஸ்டர் அதை மேசையில் விரித்தார், சாக்பீஸை எடுத்தார்.

"நோட்டை எடுத்து அளவு சொல்லு" என்றார்.

அவள் நோட்டைத் திறந்து முதல் பெயரிலிருந்து தொடங்கினாள். "காலர் பதினாறே கால்." அவர் கோடு போட்டு வெட்டினார். "பதினஞ்சே முக்கா. இவரு அந்தக் குண்டு சமையல்காரர், மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு, ஒரு நூல் கூட்டிக்கோங்க." வெட்டினார். ஜன்னல் வெளிச்சம் மேசையின் குறுக்கே மெல்ல நகர்ந்தது. நூல்தூசி மிதந்தது. அவள் குரல் எண்ணுக்கு எண் தாவிப் போயிற்று.

எட்டாவதோ ஒன்பதாவதோ காலரில்தான் அவள் கவனித்தாள். அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே சாக்பீஸ் கோட்டைப் போட்டு முடித்திருந்தது. அடுத்ததிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தாள். கோடு சரியான இடத்தில் விழுந்து கிடந்தது, கத்தரி மட்டும் துணி விளிம்பில் வாய் திறந்து காத்திருந்தது. அவள் எண்ணைச் சொன்ன பிறகே அது வெட்டியது. இருபத்திரண்டு பேர் அளவும் அந்த மனிதருக்கு மனப்பாடம்.

அவள் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. மிச்ச எண்களை அவசரப்படாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபத்திரண்டாவது காலர் வெட்டி முடிந்தது. அவர் கத்தரியைக் கீழே வைத்தார். துணித்துண்டுகளை ஒதுக்கினார். மேசை காலியாகிவிட்டது.

"மறுபடி முதல்லேருந்து சொல்லு" என்றார்.

"எதுக்குங்க? எல்லாம் வெட்டியாச்சே."

"வெட்டறதுக்கு இல்ல."

மாஸ்டர் முக்காலியை இழுத்துப் போட்டு, இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். அளவுக்காரம்மா நோட்டின் முதல் பக்கத்துக்குத் திரும்பினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக, அவருக்கு நன்றாகக் கேட்கும்படி, வாசிக்கத் தொடங்கினாள்.