எல்லோருக்கும் ஒரே கிளி

அடுத்து வந்த படத்திலும் அந்தக் கிளி இருந்ததைப் பார்த்ததும் அனுசுயா அடுப்பை அணைத்தாள்.

பள்ளி மாறுவேடப் போட்டிக்காகப் பச்சைக் காகிதச் சிறகு கட்டி, நழுவும் சிவப்பு மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்கும் சிறுமி. லேப்டாப் திரையின் பின்னணிப் படமாக, ஓரத்தில் பாதி தெரிந்தாள். நடுவிலிருந்த கறுப்புக் கட்டத்தில், எல்லாம் சரியாக நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்லும் வரிகள். பயிற்சிக்கு வருபவர்களின் வாட்ஸ்அப் குழுவில் கலீல் ரகுமான் அனுப்பிய முதல் ஸ்கிரீன்ஷாட்டுக்கு அனுசுயா பூங்கொத்து அனுப்பியிருந்தாள். அடுத்தடுத்து வந்தவற்றுக்கும் பூங்கொத்துகள். இப்போது மேலே தள்ளிப் பார்த்தாள். பூபாலன் அனுப்பியதில் கிளி. தாட்சாயிணி அனுப்பியதில் கிளி. எல்லாத் திரைகளிலும் கடிகாரம் ஒரே மணியைக் காட்டியது.

இன்று சனிக்கிழமை. திங்களன்று அம்பத்தூர் அலுவலகத்தில் அவள் நடத்தப்போகும் கன்டெய்னர் பயிற்சி. ஒரு மென்பொருளை, அது ஓடத் தேவையான எல்லாவற்றோடும் சேர்த்து ஒரே கட்டாகக் கட்டிவிட்டால் எந்தக் கணினியிலும் ஒன்றுபோல் ஓடும். அந்தக் கட்டுக்குப் பெயர்தான் கன்டெய்னர். இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்லும் சாக்கு ஒன்று உண்டு: 'என் லேப்டாப்புல ஓடுச்சே!' அதையே பயிற்சியின் முதல் ஸ்லைடாக வைத்து, குழுவிலும் போட்டிருந்தாள். பயிற்சி அறையின் இணையம் அத்தனை பேரும் ஒன்றாக இறக்கினால் படுத்துவிடும். அதனால் வீட்டிலேயே நிறுவிக்கொண்டு வரச்சொல்லி, படிப்படியாக நீண்ட குறிப்பும் அனுப்பியிருந்தாள்.

மகன் பிறந்த பிறகு விட்ட வேலைக்கு அவள் திரும்பி வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. திங்கட்கிழமை நல்லபடியாகப் போனால் பயிற்சிப் பிரிவு அவளுக்கு என்று மேலாளர் சொல்லியிருந்தார். இல்லையென்றால், பிறர் எழுதியதைச் சரிபார்க்கும் அதே மூலை இருக்கை. பத்துப் பேருக்கு முன்னால் நின்று பேசும்போது தன்னுள் எழும் அந்த இன்னொரு குரல் இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று அவளுக்கே தெரிந்தாக வேண்டியிருந்தது.

கலீலை அழைத்தாள்.

"சத்தியமா என்னுது நெஜம் மேடம். அது எம் பொண்ணு அதீபா."

"தெரியுது கலீல். மத்தவங்க லேப்டாப்புக்குள்ள உங்க பொண்ணு எப்படிப் போனா?"

பூந்தமல்லியில் இருந்த கலீலின் பக்கமிருந்து சிரிப்பை அடக்கும் சத்தம் வந்தது. "பூபாலன் கேட்டான், அனுப்பினேன். அவன்கிட்டேருந்து ஊரே வாங்கிகிச்சு. அவங்களுக்கெல்லாம் செவப்பா இன்னாவோ எரர் வருதாம் மேடம். தனக்கு மட்டும்தான் வர்லன்னு ஆளாளுக்கு நெனச்சிகினு கீறாங்க. நீங்க வேற 'மிக எளிது'ன்னு போட்டுட்டீங்க."

குறிப்பின் முதல் வரியே அதுதான். மிக எளிது. யாருக்காக அதை எழுதினேன் என்று யோசித்தபடி அவள் பால்கனியில் நின்றாள். அவர்களுக்குத் தைரியம் சொல்லவா? இல்லை. தைரியம் தேவைப்பட்டது அவளுக்குத்தான். தொழிலே மறந்துபோயிருக்குமோ என்ற பயத்தைத் தட்டிக்கொடுக்க எழுதிய வார்த்தை, அங்கே போய் அத்தனை பேர் வாயையும் அடைத்திருந்தது.

கலீல் நிறுவியது தன் சொந்த லேப்டாப்பில். மற்றவர்களுடையது அலுவலகம் கொடுத்தவை. அந்த வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டு போனபோது குறிப்பில் விட்டுப்போன படி அகப்பட்டது. லேப்டாப் உயிர்பெறும் அந்த நொடியில் ஒரு விசையைத் தட்டி, உள்ளே போய், அலுவலக லேப்டாப்புகளில் அணைந்தே வரும் ஓர் அமைப்பை இயக்கிவிட வேண்டும். தன் பழைய லேப்டாப்பில் அதை எப்போதோ செய்துவிட்டு, செய்ததையே மறந்திருந்தாள்.

குழுவில் மேலாளரும் இருந்தார். விரல் திரைமேல் வெகுநேரம் நின்றது. பிறகு அனுப்பினாள்: 'மிக எளிது என்று எழுதியது தவறு. ஒரு படியை நான் விட்டுவிட்டேன். சிவப்பு வந்தவர்கள் சிவப்பையே அனுப்புங்கள்.'

முதலில் தாட்சாயிணி, திரையைக் கைப்பேசியில் படம்பிடித்து, தன் கட்டைவிரலும் விழ அனுப்பினாள். ஒரே சிவப்பு. அடுத்து இன்னொன்று. அப்புறம் மழை. நடுவில் பூபாலனின் குரல்: "இன்னாபா தாட்சா, உனுக்குமா? நான் ரெண்டு நாளா கெடந்து அழுவறேன்!"

எல்லோரையும் லேப்டாப்போடு வீட்டுக்கே வரச்சொன்னாள் அனுசுயா. ஞாயிறு காலை அவளது முகப்பேர் ஃப்ளாட்டின் வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. வெள்ளானூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்த தாட்சாயிணி, லேப்டாப் பையைக் குழந்தைபோல அணைத்திருந்தாள். கலீல், நிறுவ வேண்டியதை இறக்கிவைத்த பென்டிரைவோடு ஒரு பை நிறைய சமோசாவும் கொண்டுவந்தார். அனுசுயாவின் கணவன் ஜெகதீசன் டீ போட்டுக்கொண்டே இருந்தான். கூடமெங்கும் ஒயர். "அமுக்கு, அமுக்கு, உடாத!" என்று பூபாலன் கத்த, ஒவ்வொரு திரையாக அணைந்து எழுந்தது. குழுவில் புதிய ஸ்கிரீன்ஷாட்டுகள் விழுந்தன. ஒன்றில் முருகர். ஒன்றில் பைக். ஒன்றில் கல்யாண மேடை. தாட்சாயிணியுடையதில் மஞ்சள் நிறப் பூனை ஒன்று கொட்டாவி விட்டது. மேலாளரிடமிருந்து மட்டும் பதில் இல்லை. அவர் படித்துவிட்டதைக் காட்டும் நீலக் கோடுகள்தான் தெரிந்தன.

"மேடம், உங்க ஸ்கிரீன்ஷாட் எங்க?" என்றான் பூபாலன்.

அவளுக்கு வெள்ளிக்கிழமைதான் அலுவலகத்தில் புது லேப்டாப் மாற்றிக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு இதில்தான் நடத்த வேண்டும். பையைவிட்டு இன்னும் எடுக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. திறந்தாள். கலீலின் பென்டிரைவைச் செருகினாள். எல்லோரும் பின்னால் வந்து நின்றுகொண்டார்கள்.

சிவப்பு.

"என் லேப்டாப்புல ஓடுச்சே!" என்றாள் அனுசுயா, தன்னை அறியாமல்.

பூபாலன் சிரிப்புத் தாங்காமல் தரையில் சரிந்தான். சமையலறையிலிருந்து ஜெகதீசன் எட்டிப் பார்க்க, கலீல் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அனுசுயாவும் சிரித்தாள். தன் சிரிப்பு இவ்வளவு சத்தமானது என்பது அவளுக்கு மறந்தே போயிருந்தது.

"தள்ளுக்கா," என்று தாட்சாயிணி சமோசா எண்ணெயைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். "மிக எளிது."

திரை அணைந்தது. அந்தக் கறுப்பில் அனுசுயாவின் முகம் தெரிந்தது. அவள் தோளுக்குமேல் கலீல், பூபாலன், இன்னும் யார் யாரோ எட்டிப் பார்க்கும் தலைகள். கீழே, விசையை விடாமல் தட்டிக்கொண்டிருந்தது தாட்சாயிணியின் விரல்.