கொல்லை வீட்டுக்குத் தளம் போட்ட நாள்

பிரேசிலின் ரெசிஃபே நகரத்து மேட்டுத் தெருக்களில் எவனும் கூலி கொடுத்துக் கூரைத் தளம் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவே திரண்டு வந்து கலவையைக் கைமாற்றிக் கைமாற்றி மேலே ஏற்றும். வீட்டுக்காரி ஒரு அண்டா கறுப்பு பீன்ஸில் பன்றிக்கறி போட்டுச் சமைத்து வைக்க வேண்டும். டால்வா போய் நிற்காத தளம் அந்தத் தெருவில் இல்லை. அவள் மகன் ஜெனில்டோ ஒன்றுக்கும் போனதில்லை. யார் வீட்டில் தளம் என்றாலும், அன்றைக்குப் பார்த்து மகராசனுக்கு முதுகு பிடித்துக்கொள்ளும்.

இன்றைக்குத் தளம் டால்வாவின் கொல்லையில். கல்யாணமாகி இரண்டு வருஷமாக ஜெனில்டோவும் அவன் பெண்டாட்டி மரிலூசியும் இவளோடுதான் இருக்கிறார்கள். ஒரு அடுப்பு, இரண்டு பெண்கள், கேட்க வேண்டுமா? பின்னால் சின்னதாக ஒரு வீடு கட்டித் தனியாகப் போய்விடுகிறோம் என்று அவன் சொன்னபோது டால்வாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. முந்திரி மரத்தைக்கூட வெட்டிக்கொள்ளச் சொன்னாள். மூன்று மாதமாகக் கொத்தனாருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தவளும் அவள்தான்.

பீன்ஸ் கொதித்துக்கொண்டிருந்தது. கொத்தனார் ஒசோரியோ புதுவீட்டுக் குளியலறையிலிருந்து கூப்பிட்டார். போனால், சுவரில் ஒரு இரும்புக் கைப்பிடியை அவள் இடுப்பு உயரத்துக்கு வைத்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

"இந்த உயரம் சரியா இருக்கா அக்கா? பிடிச்சு எந்திரிச்சுப் பாருங்க."

"எனக்கு எதுக்குய்யா இது?"

"நீங்கதானே இங்க இருக்கப்போறீங்க? ஜெனில்டோ சொன்னானே..." என்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார்.

அப்போதுதான் டால்வா அந்த வீட்டைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். வாசலில் படி இல்லை. ஒற்றைக் கட்டில் போட்டால் அறை நிறைந்துவிடும். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டு மதில். இது புருஷன் பெண்டாட்டி இருக்கிற வீடா? கிழவியை ஒதுக்கி வைக்கிற வீடு. இத்தனை நாள் இது புரியாமல் காப்பி ஆற்றிக் கொடுத்தோமே என்று தன் தலையிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றியது.

முன்வீடு அவள் ஊரார் துணியைத் துவைத்துத் துவைத்து, சுவர் சுவராக எழுப்பிய வீடு. புருஷன் செங்கல் வாங்கி வருகிறேன் என்று போனவன், இன்னும் வந்துகொண்டிருக்கிறான். தெருவைப் பார்த்த அந்த ஜன்னலில் உட்கார்ந்து போகிற வருகிறவர்களிடமெல்லாம் வாயாடவில்லை என்றால் அவளுக்குச் சாப்பாடு இறங்காது.

வெளியே வந்தாள். கலவை சுமக்கிற பாண்டும் கையுமாக வரிசையில் நின்ற பக்கத்து வீட்டு இவானியிடம், உனக்கு இது தெரியுமா என்று கேட்டாள். உனக்கும் தெரியும் என்றுதான் நினைத்தேன் என்று இவானி தரையைப் பார்த்துக்கொண்டு முனகினாள். ஆக, தெருவுக்கே தெரிந்திருக்கிறது. இவள் ஒருத்திதான் மடச்சி.

ஜெனில்டோ இடுப்பில் கைவைத்துக்கொண்டு கலவைக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தான். இவள் போய்க் கேட்டாள். ஒத்திகை பார்த்தவன் மாதிரி ஒப்பித்தான்.

"போன வருஷம் முன்படியில உருண்டு விழுந்தியே, மறந்துட்டியா? பின்னாடின்னா படியே கிடையாது. உன் நல்லதுக்குத்தாம்மா."

"என் நல்லதை நீ யாரைக் கேட்டுடா முடிவு பண்ணுன?"

"நாலு பேரு முன்னாடி வேண்டாம். தளம் முடியட்டும், பேசிக்கலாம்."

தளம் முடிந்த பிறகு பேச என்ன இருக்கிறது? அதுதானே அவன் திட்டம்! டால்வா விறுவிறுவென்று உள்ளே போய் அடுப்பை அணைத்தாள். திரும்பி வந்து முற்றத்து நடுவில் நின்றாள்.

"இவனுக்காக வந்தவங்க வேலையைப் பாருங்க. எனக்காக வந்தவங்க பாண்டைக் கீழ வைங்க."

முதலில் இவானி வைத்தாள். பிறகு வரிசை முழுக்கப் பாண்டு இறங்கியது. ஜெனில்டோ ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். யார் வீட்டுத் தளத்தில் இவன் நின்றிருக்கிறான், இவன் முகத்துக்காக நிற்க?

ஒசோரியோ கலவையைக் கரண்டியால் குத்திப் பார்த்தார். "தண்ணி விட்டாச்சு தம்பி. இன்னும் கொஞ்ச நேரம் போனா கடப்பாறையாலதான் பேத்தெடுக்கணும்."

ஜெனில்டோவின் முகம் கறுத்துவிட்டது. "சரி, நாங்களே பின்னாடி போறோம். போதுமா?"

"வாய்ப்பேச்சு எனக்கு வேண்டாம். உங்க கட்டிலைத் தூக்கி வெளிய போடு. அப்புறம் அடுப்பை மூட்டுறேன்."

தெருவே பார்க்க, புருஷனும் பெண்டாட்டியும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கட்டிலை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். மெத்தை வந்தது. மரிலூசியின் செருப்புகள்கூட வந்தன. மரிலூசி பல்லைக் கடித்துக்கொண்டு என்னவோ திட்டினாள். டால்வா காதில் வாங்கவில்லை. அடுப்பு எரிந்தது, பாண்டுகள் ஏறின. மத்தியானத்துக்குள் தளம் மட்டமாகிவிட்டது.

தளத்தைத் தாங்கி நிற்கிற முட்டுக்கட்டைகளை மூன்று வாரத்துக்கு எடுக்கக் கூடாது, அதுவரை உள்ளே யாரும் குடியிருக்க முடியாது என்று ஒசோரியோ தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"அவன் மாமியார் வீட்டுல இடமா இல்ல?" என்றாள் டால்வா. ஒரே பிள்ளை. அம்மா, முன்வீடு எங்களுக்கு வேண்டும் என்று வாயைத் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அழுதுகொண்டேயாவது கொடுத்துத் தொலைத்திருப்பாள். கேட்கவில்லையே, பாவி. கேட்க வேண்டும் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லையே.

சாப்பாட்டு வரிசையின் கடைசியில் ஜெனில்டோ தட்டோடு வந்து நின்றான். எந்த விருந்தானாலும் அவனுக்கென்று நல்ல கறியாக அடியில் ஒதுக்கி வைப்பது அவள் வழக்கம். அவன் அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தான்.

"வேலை செஞ்சவங்களுக்குப் போட்டது போக இவ்வளவுதான் இருக்கு" என்று வெறும் பீன்ஸை ஒரு கரண்டி ஊற்றினாள். அவன் தட்டை வாங்கிக்கொண்டு போய், முற்றத்து வெயிலில் கிடந்த கட்டிலில் உட்கார்ந்தான்.