மேட்டுக்காடு பிரிவில் இறங்கியவர்

போனில் மாசாணத்தின் மனைவி மயிலாத்தாளின் குரலில் பதற்றம் எதுவும் இல்லை. அதனால் கீதாவும் முதலில் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஏனுங்க அம்மணி, ஒண்ணுமில்லீங்க, சும்மாதான் கூப்புட்டனுங்க. இன்னைக்கு நம்ம வண்டி லேட்டுங்களா?"

"வண்டியா? அண்ணனை ஊட்டுல உட்டாச்சுங்களே அக்கா."

"அப்படீங்களா? நான் வாசல்லயேதானுங்க நிக்கறேன். செரீங்க, வந்துருவாருங்க. வெச்சர்ரனுங்க."

வைத்தும்விட்டாள். கீதா போனில் அதுவரை வந்திருந்த அழைப்புகளைப் பார்த்தாள்.

ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மருந்துக்கடையின் மாடியிலிருந்த ஒற்றை அறைதான் அந்த அறக்கட்டளையின் அலுவலகம். ஆஸ்பத்திரிக்குப் போய்வர வழியில்லாத வயசாளிகளையும், கைகால் கண் விளங்காதவர்களையும், பஸ் கட்டணத்துக்கே யோசிக்கிறவர்களையும் வீட்டு வாசலில் ஏற்றி, வீட்டு வாசலிலேயே இறக்கிவிடுவது அதன் வேலை. எந்த வேன் எந்தத் தடத்தில் போவது, யாரை முதலில் இறக்குவது என்பதெல்லாம் கீதாவின் பொறுப்பு. ஓட்டிக்கொண்டே டிரைவர்கள் போனில் பேசக் கூடாது என்பதற்காக அவளே ஓர் ஏற்பாடு செய்திருந்தாள். ஆளை வீட்டார் கையில் ஒப்படைத்ததும் ஒரு மிஸ்டுகால் கொடுத்தால் போதும், அவரைப் பற்றிய கவலை முடிந்தது.

மாசாணத்துக்கான மிஸ்டுகால் வந்து வெகுநேரமாகியிருந்தது.

மாசாணம் பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்க் களங்களில் மட்டை உரித்துப் பிழைத்தவர். சர்க்கரை நோய் அவருடைய சிறுநீரகங்களைத் தின்றதோடு பார்வையிலும் முக்கால் பங்கைத் தின்றுவிட்டது. டயாலிசிஸ் முடித்து வருகிற நாளில் அவரால் பிறர் துணையில்லாமல் பத்தடி நடப்பதே பெரும்பாடு.

கீதா அவருடைய எண்ணுக்கு அடித்தாள். மணி ஒலித்து ஓய்ந்தது. எடுக்கவில்லை. உடனே டிரைவர் அப்துல் நாசரைக் கூப்பிட்டாள். அவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு எடுத்தார்.

"நாசரண்ணா, மாசாணம் அண்ணனை எங்க எறக்குனீங்க?"

"மேட்டுக்காடு பிரிவுல கீதாம்மா."

"ரோட்டுப் பிரிவுலயா? ஊட்டுல இல்லியா?"

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். 'வெங்கடம்மா ஆத்தாவை இருட்டறதுக்குள்ள ஊடு சேத்துங்க பாய், என்ற மச்சான் பைக்கெடுத்துட்டு வந்துட்டே இருக்கறான்'னு சொல்லிப்போட்டு, கதவத் தொறந்து எறங்கிட்டாரு. அதான் மச்சான் வாரானேன்னு மிஸ்டுகால் குடுத்துட்டேன்."

மாசாணத்துக்கு மச்சானே கிடையாது. மயிலாத்தாள் கூடப்பிறந்தவர் யாரும் இல்லாத ஒற்றைப் பெண். அது கீதாவுக்குத் தெரியும்.

இன்னொன்றும் தெரியும். சாயங்காலம் வண்டி கிளம்பும் முன் நாசரைக் கூப்பிட்டு, 'வெங்கடம்மா ஆத்தாளுக்கு ராத்திரியில கண்ணு செரியாத் தெரியாதுண்ணா, மழை வேற கட்டியிருக்குது, கொஞ்சம் வெரசாப் போங்க' என்று சொன்னது அவள்தான். வேனுக்குள் போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கும். அதை மாசாணம் கேட்டிருப்பார். அடுத்தவருக்குச் சிரமம் கொடுப்பதைவிடப் பெரிய பாவம் இந்தப் பக்கத்துச் சனங்களுக்குக் கிடையாது. பசித்துக் கிடந்தாலும் 'இப்பத்தானுங்க உண்டேன்' என்பார்கள். ஒரு கிழவி நேரத்தோடு வீடு சேர வேண்டுமென்று, இல்லாத மச்சானை நொடியில் பிறப்பித்துவிட்டார் மனுசன்.

"திருப்புங்கண்ணா வண்டிய."

"திருப்பிட்டேம்மா. ஆத்தாவும் உள்ளதான் இருக்காங்க."

ஜன்னலுக்கு வெளியே மழை தொடங்கியிருந்தது. அங்கேயும் பெய்துகொண்டுதான் இருக்கும். கீதா மாசாணத்துக்கு மறுபடி அடித்தாள். மறுபடியும் மணி ஒலித்து ஓய்ந்தது. போனை எங்காவது தவறவிட்டிருப்பார் என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிப் பார்த்தாள். மனசு கேட்கவில்லை. ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவுக்கு அழைத்து அங்கிருந்த நர்ஸிடம் விஷயத்தைச் சொன்னாள்.

நர்ஸின் குரல் மாறிவிட்டது. "கட்டு நனையக் கூடாதுங்க. இன்னைக்கு ரத்தம் உறையாம இருக்க மருந்து போயிருக்குது. ஊசி குத்துன எடத்துல கட்டு நழுவுச்சுன்னா ரத்தம் பீச்சி அடிக்கும், தானா நிக்காது. அப்படி ஆனா இன்னொரு கையில அமுக்கிப் புடிச்சுக்கோணும், என்ன ஆனாலும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்திருக்கறமுங்க."

இன்னொரு கையில்.

ஒரு கையில் காயம், அதை அமுக்கிய மறு கை. போன் சட்டைப் பைக்குள் கத்திக்கொண்டிருக்கும். எந்தக் கையால் எடுப்பார்?

ஆம்புலன்சுக்குச் சொன்னாள். வருகிறோம் என்றார்கள். ஆனால் ஆள் எங்கே இருக்கிறார் என்று கேட்டதற்கு, மேட்டுக்காடு பிரிவு என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது.

நாசர் பிரிவை அடைந்ததும் அங்கிருந்த டீக்கடைக்காரரிடம் போனைக் கொடுத்தார்.

"ஆமாங்க அம்மணி, அவுரு இங்கதானுங்க நின்னாரு. உக்காருங்க, டீ குடிங்கன்னேன். இப்பத்தானுங்க குடிச்சேன்னாரு. மழை வருதே, நம்ம பையனை வண்டியில கொண்டாந்து உடச் சொல்லட்டுமான்னேன். வேண்டாமுங்க, பொண்டாட்டி குடையோட எதுக்க வாராள்னாரு."

"எந்தப் பக்கம் போனாருங்க?"

"தோப்புக்குள்ள குறுக்கு வழி இருக்குதுங்க. அதுல தடவித் தடவிப் போனாரு. நானும் பொண்டாட்டி வாராங்களேன்னு உட்டுப்போட்டனுங்க."

ஒருவருக்கு மச்சான், இன்னொருவருக்கு மனைவி. கேட்டவர் யாரையும் சங்கடப்படுத்தாமல், ஆளுக்கொரு பொய்யைக் கையில் கொடுத்துவிட்டு, மழைக்குள் தனியாகப் போயிருக்கிறார்.

"நாசரண்ணா, டார்ச்சு இருக்குதா? தோப்புக்குள்ள போங்க. நான் இன்னொரு போன்ல அவரைக் கூப்புட்டுட்டே இருக்கேன். மணி கேக்குதான்னு காதக் குடுங்க."

ஒரு காதில் நாசரின் மூச்சு. மறு காதில் மாசாணத்தின் போன் போகும் ஒலி. தென்னை ஓலைகளில் மழை விழும் இரைச்சல் நாசரின் போன் வழியாக அறை முழுவதும் நிரம்பியது. 'நீங்கள் அழைக்கும் நபர் தற்போது பதிலளிக்கவில்லை' என்று ஒரு பெண் குரல் நிதானமாகச் சொல்லும். கீதா உடனே மறுபடி அடிப்பாள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவருடைய போனில் சார்ஜ் கொஞ்சம் குறையும். அடிக்காமல் இருந்தால் அவரைக் கண்டுபிடிக்க வேறு வழியில்லை. இடையிடையே வேறு யார் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். நாளைக்கு வண்டி வருமா என்று கேட்பவர்களாக இருக்கும். எதையும் எடுக்கவில்லை.

"ஒண்ணும் கேக்கலியே கீதாம்மா."

"இன்னும் உள்ள போங்கண்ணா."

"வாய்க்கால் வந்துருச்சு. தண்ணி போகுது."

கீதா மறுபடி அடித்தாள்.

"இருங்க," என்றார் நாசர். "இருங்க இருங்க. அம்மன் பாட்டு கேக்குது, அவரு போன்தான்."

அதற்குப் பிறகு ஓடும் சத்தம். சேற்றில் கால் இழுபடும் சத்தம். பிறகு, "அல்லா" என்ற ஒரே சொல்.

"அண்ணா? நாசரண்ணா! என்னாச்சு?"

"மோட்டார் ரூம் செவுத்துல சாஞ்சு உக்காந்திருக்காரு. சட்டையெல்லாம் ரத்தம்மா. கையை அமுக்கிப் புடிச்சாப்லயே இருக்காரு. முழிப்பு இருக்கு."

தூரத்தில், கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல ஒரு குரல்: "அம்மணிகிட்ட சொல்லுங்க பாய்... செரமம் குடுத்துப்போட்டேன்."

கீதாவுக்குக் கோபம் தலைக்கேறியது. ஆனால் கோபப்பட நேரமில்லை. "தூக்கிட்டு வாங்கண்ணா, பொள்ளாச்சிக்கு ஓட்டுங்க. ஆம்புலன்ஸ் வழியில வந்தா மாத்திக்கலாம்."

வேன் கதவு திறந்தது. வெங்கடம்மாளின் குரல் கேட்டது. ஒரு காலத்தில் மில் வைத்திருந்த குடும்பத்துப் பெண். இப்போது முழங்கால் தேய்ந்து, வாக்கரோடு ஆஸ்பத்திரிக்கு அலைகிறவள்.

"தேவுடா! ஏன் பாய் தம்பி, நீங்க இவரைக் கூட்டிட்டு ஓடுங்க. நான் இந்த டீக்கடையிலயே எறங்கிக்கறேன். என்ற பேரன் வந்து கூட்டிக்குவான்."

"எறக்காதீங்க!" கீதா போட்ட சத்தத்தில் கீழே மருந்துக்கடையில் யாரோ அண்ணாந்து பார்த்தார்கள். "ஆத்தா, உங்க பேரன் துபாயில இருக்கான். எனக்குத் தெரியும். நீங்க எறங்கக் கூடாது. நாசரண்ணன் வண்டியோட்டோணும். அந்தக் கையை நீங்கதான் அமுக்கிப் புடிச்சுக்கோணும்."

"நானா? ரத்தத்தப் பாத்தா எனக்கு மயக்கம் வரும் கண்ணு."

"பாக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு அமுக்குங்க."

வண்டி கிளம்பியது. கீதா போனை வைக்கவில்லை. வழியெல்லாம் வெங்கடம்மாளின் வசவு கேட்டுக்கொண்டே இருந்தது. "தூங்காத சாமி. பேசு. மச்சான் பைக்குல வாரானா? அந்த மச்சான் வரட்டும், அவனுக்கு இருக்குது. ஏய், கண்ணைத் தொற! உன்ற ஊட்டுக்காரிகிட்ட நான் என்னன்னு சொல்றது?" மாசாணம் ஏதோ முனகினார். சில நேரம் முனகல் வரவில்லை. அப்போதெல்லாம் கீதா, "எழுப்புங்க ஆத்தா" என்று கத்தினாள். நடுவில் அலுவலகப் போனில் மயிலாத்தாளைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னாள். மறுமுனையில் அழுகை இல்லை. "செரீங்க, நான் பொறப்படறனுங்க" என்று மட்டும் ஒரு குரல் வந்தது. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

கடைசியில் வண்டி நிற்கும் சத்தம், உருளும் சக்கரங்கள், யார் யாரோ அதட்டும் குரல்கள். அவற்றுக்கு நடுவே வெங்கடம்மாள்:

"ஏங்கண்ணு கீதா, இந்த நர்சம்மா கையை எடுங்கறாங்க. நீதான எடுக்கக் கூடாதுன்ன? எடுக்கட்டுமா?"

கீதா, "எடுங்க ஆத்தா," என்றாள்.

கத்தரிக்கோல் வெட்டும் சத்தம், துணி கிழியும் சத்தம். யாரோ, "நல்லா அமுத்திக் கட்டுங்க" என்றார்கள். "பிரஷர் கொறைவுதான். ஆனா பொழைச்சுக்குவாரு," என்றார் இன்னொருவர். கீதா நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தாள்.

போனில் மாசாணத்தின் குரல் வந்தது, நூலிழை மாதிரி.

"அம்மணி, ஒரு ஒத்தாசைங்க. பாவம், அந்த ஆத்தாவ ஊட்டுல உடச் சொல்லுங்க. எனக்காக நாசர் பாய் நிக்க வேண்டாமுங்க. காலையில நான் பஸ்ஸுல போயிக்கறனுங்க."

"நாசரண்ணா," என்றாள் கீதா, "மயிலாத்தாக்கா வந்து சேர்ற வரைக்கும் அவரு கட்டிலை உட்டு நகராதீங்க. அவரு சொல்றது ஒண்ணையும் நம்பாதீங்க."