ஓடுபாதைக்குக் கவ்வாத்து

கரடிமொட்டை நகரசபை விமான நிலையத்தின் ஓடுபாதை போன ஐப்பசியில் கொழுந்து விட்டது. கலஹாவுக்கு மேலே, பழைய தேயிலை மலையொன்றின் தலையைச் சீவிக் கொங்கிறீற் ஊற்றிய இடம் அது. ஊற்றியதோடு சபை தன் கடமையை முடித்துக்கொண்டது. காற்றுத் திசை காட்டும் துணிப்பை கிழிந்தபோது பொறுப்பதிகாரி பொன்னுத்துரை தன் சாரத்தைக் கம்பத்தில் கட்டினார். அதைத் துவைக்கும் நாளில் விமானங்கள் வருவதில்லை. வேலியை ஆடுகள் சாய்த்தன. வெடிப்புகளைப் பற்றி அவர் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றுக்கும் ‘கவனிக்கப்படும்’ என்றே பதில் வந்தது. கவனித்தது தேயிலைதான். ஒரு வெள்ளிக்கிழமை வெடிப்புகளில் தளிர் தெரிந்தது. அடுத்த வெள்ளிக்கு இடுப்பளவுச் செடிகள், நாலடிக்கு ஒன்றாக, நிரை பிசகாமல் நின்றன.

அவற்றைப் பிடுங்கி எறியும்படி வீரம்மாவிடம் சொல்லிவிட்டுப் பொன்னுத்துரை லீவில் யாழ்ப்பாணம் போனார். வீரம்மா ஓடுபாதை கூட்டுகிறவர்; அதற்கு முன் இருபத்தாறு வருஷம் ஹந்தானையில் கொழுந்து எடுத்தவர். தேயிலையைப் பிடுங்குவது என்றால் என்னவென்று அந்தக் கைகளுக்குத் தெரியாது. தெரிந்ததைச் செய்தார். மூன்று கல் நட்டு, செடி வெட்டுமுன் கும்பிடும் கவ்வாத்துச் சாமிக்குத் தேங்காய் உடைத்து, தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை மட்டம் பார்த்து வெட்டினார். வெட்டிய தேயிலை மாதக்கணக்கில் ஓய்ந்துதான் துளிர்க்கும். இது நாலே நாளில் முன்னைவிட அடர்ந்து எழுந்தது.

திரும்பி வந்த பொன்னுத்துரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். “பிடுங்கச் சொன்னனான் எல்லே? ஏன் வளர்த்து வைச்சிருக்கிறீர்?”

“வளக்கலீங்க ஐயா, கவ்வாத்துதான் வெட்டுனேன். மட்டம் எப்புடி இருக்குன்னு பாருங்க, ஒரு கொழுந்து ஒசரம் இல்ல.”

“இதில பிளேன் இறங்கவோ, கொழுந்து நுள்ளிக்கொண்டு போகவோ?”

அப்போது தொலைபேசி அடித்தது. பேராதனை ஆஸ்பத்திரியில் வீரம்மாவின் மகள் நிலூஷா பிள்ளை பெற்றுவிட்டு இரத்தம் நிற்காமல் கிடந்தாள். அவளுடைய வகை இரத்தம் லேசில் கிடைக்காதது. யாழ்ப்பாணத்தில் மூன்று பை இருந்தது. பொன்னுத்துரை வந்த பிறகு மண் சரிந்து யாழ்ப்பாண வீதி மூடியிருந்ததால், நபீல் என்ற விமானி அதைச் சின்ன விமானத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டாயிற்று. இறங்க வேறு இடம் இல்லை. முக்கால் மணி நேரம் இருந்தது.

“உம்மட பிள்ளைக்குத்தான் வருகுது, வீரம்மா,” என்றார் பொன்னுத்துரை.

வீரம்மா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓங்கினார். அந்த நேரத்துக்குள் ஒரு நிரைகூடப் பெயராது என்று அவருக்குத் தெரியும். மண்வெட்டியைப் போட்டுவிட்டு முதல் செடிக்கு முன்னால் கைகூப்பினார். “நான் ஒங்கள வேரோட எடுக்கல சாமி. நீங்க எம் புள்ளைய எடுத்துறாதீங்க.”

விமானம் ஹந்தானைப் பக்கமாக வந்தது. அதன் இடது சில்லு மாத்தளைக்கு மேல் எங்கோ கழன்று விழுந்திருந்தது. முதற்செடி குனிந்து விமானத்தை ஏந்தியது. ஏந்தி அடுத்த செடியிடம் கொடுத்தது. அது அடுத்ததிடம் கொடுத்தது. கொழுந்து நிறுக்கும் இடத்தில் கூடையைப் பெண்கள் கைமாற்றுவது போலவே, அவசரமில்லாமல், விமானம் ஓடுபாதை முழுவதும் கைமாறி வந்து காரியாலய வாசலில் நின்றது. பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது.

நபீல் இறங்கி, சில்லு இருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் புல்லில் உட்கார்ந்தார். “அல்ஹம்துலில்லாஹ். வெறும் கொங்கிறீற்றா இருந்தா நான் இப்ப மையத்து. யாரு இதப் பராமரிக்கிற?”

“ஒருத்தரும் இல்லைத் தம்பி,” என்றார் பொன்னுத்துரை. “அதாலதான்.”

இரத்தப் பைகளை மடியில் வைத்துக்கொண்டு வீரம்மா ஆட்டோவில் பேராதனைக்கு இறங்கினார். மாலைக்குள் நிலூஷா கண்விழித்து, பிள்ளை யார் சாயல் என்று கேட்டாள். மூக்கு மட்டும் தகப்பன், மற்றதெல்லாம் வீரம்மா.

இப்போது வருகிற விமானிகள் மேலிருந்தே கொழுந்து என்ன மட்டம் என்று கேட்டுத்தான் இறங்குகிறார்கள். பயணிகள் கிளைகளை விலக்கி நடக்கிறார்கள். முறித்தவர் மன்னிப்புக் கேட்கிறார். நாற்பது நாள் கழித்து நிலூஷா குழந்தையோடு கலஹா பஸ்ஸில் வந்தாள். கை உளைகிறது என்று குழந்தையை நடு நிரையில் ஒரு செடியின் மேல் கிடத்தினாள். செடி மெல்ல ஆட்டத் தொடங்கியது. குழந்தை தூங்கியதும் எல்லோரும் தேத்தண்ணி குடிக்க உள்ளே போனார்கள்.