ஓதின தண்ணீர்

சூறாவளி கூரைகளைக் கொண்டுபோனது போதாதென்று, வெள்ளம் வடிந்த கையோடு கல்முனைக் கரையோரத்தில் வாந்திபேதியும் வந்து குந்திக்கொண்டது. மலக்குழியும் கிணறும் ஒரே வெள்ளத்தில் கிடந்த ஊரில் அது வராமல் என்ன செய்யும்? சுகாதாரப் பகுதிக்காரர்கள் ஜீப்பில் ஒலிபெருக்கியைக் கட்டி, தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று தெருத்தெருவாகக் கத்திவிட்டுப் போனார்கள்.

பயம் ஆளுக்கொரு மாதிரி வேலை செய்தது. ஜுனைதாவின் புருஷன் மசூர் நாற்பது வயது மனிதன். வேலை தலைக்கு மேல் கிடக்கிறதென்று நற்பிட்டிமுனை வயல் வாடிக் குடிசையில் போய்ப் படுத்துக்கொண்டான். சூறாவளி தின்ற வயலில் அப்படி என்ன வேலையோ. ஜுனைதாவின் தங்கை றாபியாவுக்கு இருபத்திரண்டு வயது. அடுத்த தெருவில், சீதனமாகக் கிடைத்த புது வீட்டில், வயிற்றில் பிள்ளையோடு எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டிருந்தாள். ஜுனைதா அடுப்பை அணைய விடவில்லை. பானை பானையாகத் தண்ணீர் கொதித்தது. ஈர விறகின் புகையில் கண் எரிந்தாலும் நெஞ்சு கொஞ்சம் ஆறியது.

ஜுனைதாவின் தகப்பன், எழுபதைத் தாண்டிய வாப்பா சீனிமுகம்மது, பள்ளிவாசல் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் குர்ஆனின் யாஸீன் அத்தியாயத்தை ஓதி ஊதி, போத்தலில் கொண்டுவந்து வைத்தார். ஜுனைதா அதையும் பானையில் ஊற்றப் போனாள். கையைப் பிடித்துவிட்டார்.

"என்ன புள்ள செய்யிறாய்? ஓதின தண்ணிய நெருப்புல வைக்கிறயா? அல்லாட கலாமச் சுடப் போறயா?"

"முதல்ல சுட வச்சி, ஆறினாப் பொறகு ஓதலாமே வாப்பா."

"எனக்கு நீ ஓதித் தாறாயா?"

அதற்கு மேல் அவரோடு கதைக்க முடியாது. ஓதலில் ஜுனைதாவுக்கு ஒரு குறையும் இல்லை; பயமெல்லாம் அந்தக் கிணற்றின் மேல்தான். அதனால் தினமும் அவர் முற்றத்தைத் தாண்டியதும் பிஸ்மி சொல்லிப் போத்தலைத் தென்னையடியில் ஊற்றிவிட்டு, கொதித்து ஆறிய தண்ணீரை அதில் நிரப்பி வைத்தாள். வாப்பாவும் ஓதின தண்ணீரென்று நம்பி அதைத்தான் குடித்தார். இரண்டு பக்கத்து வீடுகளிலும் வாந்திபேதியில் ஆள் செத்து மையித்து எடுத்தார்கள். இந்த வீட்டில் ஒருவருக்கும் வயிறு கலங்கவில்லை.

ஒரு நாள் காலை வாப்பா இரண்டு போத்தல்களோடு வந்து நின்றார். முகம் மலர்ந்திருந்தது.

"பாத்தியா, இந்த ஊட்ட இதுதான் காப்பாத்தின. மத்தத றாபியாக்குக் கொண்டு குடுக்கப் போறன்."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. வாப்பாவின் கோபத்துக்குப் பயந்து நாக்கை அடக்கிக்கொண்டாள். பின்னேரம் போய்த் தங்கையிடம் இரகசியமாகச் சொன்னால் போயிற்று, எதற்கு வீண் சண்டை என்று தன் கெட்டித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

அஸர் தொழுகைக்குப் பிறகு போனபோது றாபியா வெறும் போத்தலைக் கழுவிக்கொண்டிருந்தாள். "வாப்பா முன்னுக்கு நிண்டு ஒரு கோப்பை குடிக்க வச்சாரு ராத்தா. புள்ளைக்கும் சேத்து மிச்சத்தையும் நானே குடிச்சிட்டன்," என்று சிரித்தாள்.

மறுநாளே றாபியாவுக்கு வாந்திபேதி கண்டது. ஆஸ்பத்திரியில் கட்டில் இல்லாமல் விறாந்தையில் பாய் போட்டுச் சேலைன் ஏற்றினார்கள். தாயும் பிள்ளையும் ஒன்றாகவே போய்விட்டார்கள்.

றாபியாவுக்காக ஓதிய மூன்றாம் நாள் கத்தத்தன்று வாப்பா அறைக்குள் ஒடுங்கிக் கிடந்தார். எல்லாவற்றையும் கொட்டிவிடுவதென்றுதான் ஜுனைதா உள்ளே போனாள்.

"வாப்பா, ஒண்டு செல்லணும்."

"நானும் அந்தத் தண்ணியத்தானே குடிச்ச, மகள்? எனக்கு ஒண்டும் வரல்லயே. அவளுக்கு மட்டும் எப்படி வந்த? என்ட கையாலதானே குடுத்த."

உண்மையைச் சொன்னால் அந்த மனிதர் அந்த இடத்திலேயே செத்துப்போவார். அவளால் முடியவில்லை.

"நீங்க போனாப் பொறகு மிச்சத்த அவ சுட வச்சித்தான் குடிச்ச, வாப்பா. நான்தான் செல்லிக் குடுத்தன்."

வாப்பா அவளை நிமிர்ந்து பார்த்தார். பார்வையில் வெறுப்பு இருந்தது. அதோடு பெரிய ஆறுதலும் இருந்தது. எழும்பி, சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஆண்கள் இருந்த பந்தலுக்குப் போனார்.

"ஓதின தண்ணியச் சுட்டுப்போட்டாளுகள், அதான் பலிக்கல்ல," என்று அவர் உரத்துச் சொல்வது உள்ளே கேட்டது. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக் கேட்டுக்கொண்டு வீடு போனார்கள். அடுத்த நாள் விடியலில், பள்ளிவாசல் கிணற்றடியில் பாதித் தெரு போத்தலோடு நின்றது.